ராணி குதிக்கவில்லை

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் திண்டிவனம் பஸ் கிளம்பாமல் நின்றது. முன் சீட்டில் இரண்டு இளம்பெண்கள். ஜரீனா, செல்வி என்று ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

“இந்த வாரம் ராணிய ராஜகிரிக் கோட்ட மேலேருந்து தள்ளிடுவான் பாரு” என்றாள் செல்வி.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பிறகுதான் புரிந்தது, பத்திரிகையில் வரும் சரித்திரத் தொடர்கதையாம்.

“தொரத்திக்கினு வர்றது எங்காளுதானே?” என்றாள் ஜரீனா.

“வேற யாரு? தாடி வச்ச தளபதி.”

“எங்க அத்தா பஸ்ஸுக்குக்கூட ஓட மாட்டாருடி!”

“உங்காளுக்காவது கத எழுதுறவன் குதிர குடுத்திருக்கான். என்ன மாதிரி கறுப்பா ஒருத்திதான் வர்றா. அவளும் ராணிக்குத் தோழி. பேருகூட வக்கல.”

ஜரீனா பையிலிருந்து புது இதழை எடுத்துப் புரட்டினாள்.

“ராணி குதிக்கலடி!”

“அப்பாடா!”

“அவ சேலையக் கட்டிக்கினு தோழி குதிச்சிட்டா.”

செல்வி ஜரீனா பக்கம் திரும்பினாள்.

“ராணி பால் மாதிரி வெளுப்புன்னு வாரா வாரம் எழுதுனானே. செத்துக் கெடக்கிறவ கறுப்பா இருக்காளேன்னு தளபதிக்குத் தெரியாதா?”

“பொழுது சாஞ்சிடுச்சாம்.”

“நல்லா சாஞ்சுது!”

“கோவமா இருக்குதுடி. இத வாங்குறத நிறுத்திடலாமா?”

செல்வி பத்திரிகையைப் பிடுங்கித் தன் மடியில் விரித்துக்கொண்டாள்.

“இரு, ராணி எப்டி கீழ எறங்குறான்னு பாத்துட்டு நிறுத்தலாம்.”