அக்கா பேரில் பறித்த கொழுந்து

பிள்ளைகளே, அரியலூரிலிருந்து ஆண்டிமடம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் கேட்ட பேச்சை அப்படியே எழுதுகிறேன். அறுபதை நெருங்கும் ஓர் அம்மா, பக்கத்தில் இருந்த தன் அக்கா மகளிடம் சொன்னார்:

“உங்கம்மா செத்து ஆறு வருசம் ஆச்சு. ஆனா எஸ்டேட்டுல போன மாசம்தான்டி ரிட்டயர் ஆனா.”

“நல்லாருக்கு சின்னம்மா. பேய்க்குமா அங்க வேல குடுக்குறாங்க?”

“வால்பாறையில தேயிலைத் தோட்டத்து வேல அவளுக்குத்தான் கெடச்சுது. கல்யாணம் கட்டி இங்க வந்துட்டா. அவ பேர்லயே நான் போயி முப்பது வருசம் கொழுந்து பறிச்சேன். இப்ப பென்ஷன் கேட்டா, அந்தப் பேரு நீயில்லைங்கிறாங்க. வேல செஞ்சது நான்தான்னு நீ வந்து எழுதிக் குடுக்கணும்.”

“எங்கம்மா சாவுக்கு எட்டிக்கூடப் பாக்கல. பென்ஷனுக்கு மட்டும் நான் வேணுமா?”

அந்த அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்:

“லீவு கேக்கத்தான்டி போனேன். செத்தவங்க பேரு என்னன்னு கங்காணி கேட்டாரு. அவ பேர எப்புடிச் சொல்லுவேன்? அவரு நோட்டுல அதுதானே என் பேரு. ஒண்ணுமில்லீங்கன்னுட்டு, திரும்பப் போயி கொழுந்து பறிச்சேன்.”

அக்கா மகள் பையிலிருந்து பேனாவை எடுத்தாள். பிறகு கேட்டாள்:

“எந்த ஆபீஸுக்கு வரணும் சின்னம்மா?”