வண்டி திரும்ப ஓர் இடம்

எனக்கு ரிவர்ஸ் எடுக்க நன்றாகத் தெரியும், சார். முதலில் அதை எழுதிக்கொள்ளுங்கள். மற்றதை எல்லாம் பிறகு பார்க்கலாம்.

எங்கள் வீட்டு அமைப்பை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். கேட்டைத் திறந்தால் நீளமாக ஒரு சந்து மாதிரி பாதை, கடைசியில் போர்ட்டிகோ. காரை முன்பக்கமாக உள்ளே கொண்டுபோகலாம், திருப்ப முடியாது. காலையில் பஸ் பறக்கிற ரோட்டுக்குப் பின்பக்கமாகத்தான் இறங்க வேண்டும். திரும்புவதற்கு இருந்த ஒரே இடத்தில் வெளியறை ஒன்று இருந்தது. அந்த அறையில் மச்சான் இருந்தார்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். சம்சாரத்தோடு சண்டை என்று ஒரு பெட்டியோடு வந்தார். "ரெண்டு வாரம், மாப்ளே. அவ கோவம் தணியட்டும்" என்றார். அந்த அம்மாள் கோபம் தணிந்து, வேறு கல்யாணமே செய்துகொண்டுவிட்டார். மச்சானின் இரண்டு வாரம் மட்டும் முடியவில்லை.

சும்மா இருக்கிற மனிதர் இல்லை அவர். ஒரு வேலை பிடித்துக்கொண்டார். நான் காரை எடுக்கும்போது பின்னால் நின்று வழி சொல்கிற வேலை. "வரட்டும், வரட்டும், லேசா ஒடிங்க, நேரா விடுங்க, வரட்டும்." நிற்க வேண்டுமானால் டிக்கியில் இரண்டு தட்டு. குளிக்கப் போகிறவர்கூட என் சாவிச் சத்தம் கேட்டால் ஈரத் துண்டோடு ஓடி வந்துவிடுவார். தெருவில் அவருக்கு 'டிராபிக்' என்று பெயர். அது கேலி என்று அவருக்குத் தெரியாது. விசில் ஒன்று வாங்கிக்கொண்டார்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும் சொல்வார்: "நம்ம மாப்ளே ஆபீஸ்ல பெரிய ஆளுதான். ஆனா என் கை அசையலேன்னா அவரு ரோட்டுக்கே வர முடியாது." வந்தவர்கள் சிரிப்பார்கள். என் மனைவியும் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். கூட்டத்தோடு சிரிக்காதவனைத்தான் உலகம் சந்தேகப்படும்.

இன்ஜினியரை வரவழைத்தேன். அவர் டேப் பிடித்து அளந்து, தரையில் சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டினார். "இந்த ரூமை எடுத்துட்டா போதும் சார். மூக்கை இப்படி உள்ள விட்டு, பின்னால எடுத்து, நேரா ரோட்டுக்குப் போயிடலாம்."

"ரூமுக்குள்ள மச்சான் இருக்காரே."

"அதுக்கு நான் பிளான் போட முடியாது, சார்."

நியாயமான பதில். அவரவர் வேலையை அவரவர்தான் பார்க்க வேண்டும்.

மச்சானிடம் பக்குவமாகத்தான் சொன்னேன். மாடியில் ஒரு அறை தருகிறேன், காற்றோட்டமாக இருக்கும், இனிமேல் வெயிலில் நின்று கையாட்ட வேண்டாம் என்றேன். அவர் சாக்பீஸ் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கார் தானா திரும்பிடுச்சுன்னா, அப்புறம் நான் எதுக்கு மாப்ளே இங்க?"

நல்ல கேள்வி. நானும் அதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் அவர் தங்கையிடம் போய் அழுதார். அவள் என்னோடு பேசுவதை நிறுத்தினாள். இன்ஜினியருக்கு போன் பண்ணி, இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஒரு நாள் அண்ணனும் தங்கையும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். கேட் தூணை ஒட்டிப் பழைய தண்ணீர் டிரம் ஒன்றை நிறுத்தினேன். சும்மா ஓர் அளவு பார்க்கத்தான். ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்தால் எவ்வளவு நசுங்குகிறது என்று தெரிய வேண்டுமே. எந்தக் காரியத்தையும் நிதானமாகச் செய்கிறவன் நான். திரும்பி வந்த மச்சான் டிரம்மைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"நான் இல்லாத நேரத்துல வண்டிய எடுக்காதீங்கன்னு எத்தன தடவ சொல்றது?"

"இனிமே எடுக்க மாட்டேன், மச்சான்" என்றேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். அவர் இருக்கும்போதுதான் எடுத்தேன்.

அந்தத் திங்கட்கிழமை காலையில் நானே அவரைக் கூப்பிட்டேன். அதுவரை கூப்பிட்டதே இல்லை. "கொஞ்சம் தூணை ஒட்டி நில்லுங்க மச்சான். அப்பதான் கண்ணாடில முழுசா தெரியுறீங்க." அவர் முகம் மலர்ந்த மலர்ச்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு போய் நின்றார். வரட்டும் என்றார், வந்தேன். லேசா ஒடிங்க என்றார், ஒடித்தேன். நேரா விடுங்க என்றார், விட்டேன். பிறகு போதும் என்றார். ஜன்னல் கண்ணாடி இறக்கித்தான் இருந்தது. தெளிவாகக் கேட்டது. டிக்கியில் இரண்டு தட்டும் கேட்டது. மூன்றாவதாகவும் ஒன்று தட்டினார். அது வழக்கத்தில் இல்லாதது.

விபத்து என்று நீங்களே எழுதினீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. என் மனைவி அழுதுகொண்டே என் கையைப் பிடித்து, "அண்ணன் சொன்னபடிதானே வந்தீங்க? உங்க மேல என்ன தப்பு?" என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். அறையை இடிக்கச் சொன்னதும் அவள்தான். அதைப் பார்க்கப் பார்க்கத் தாங்கவில்லை என்றாள். இப்போது கார் அழகாகத் திரும்புகிறது.

இத்தோடு விட்டிருப்பேன். தெருதான் விடவில்லை. "பாவம், ரிவர்ஸ் தெரியாத மனுஷன்" என்று என் காதுபடவே பேசுகிறார்கள். ஆபீசில் டிரைவர் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். நேற்று என் மனைவி, டிரைவிங் ஸ்கூலில் சேருங்கள், அவமானம் ஒன்றும் இல்லை என்றாள். அதனால்தான் காலையில் முதல் வேலையாக ஸ்டேஷனுக்கு வந்தேன். தூணுக்கும் பம்பருக்கும் நடுவில் அவரைத் தவிர வேறெதுவும் இல்லை. தூணில் ஒரு கீறல் விழவில்லை. தெரியாதவன் செய்கிற வேலையா அது?

இன்ஜினியரை எப்படியும் கூப்பிட்டு விசாரிப்பீர்கள். அவர் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். ரூமை எடுப்பது அவர் சொன்ன இரண்டாவது யோசனை. முதலில் சொன்னது வேறு. "ரூம் அப்படியே இருக்கட்டும் சார். கேட்டை மட்டும் அந்தப் பக்கம் தள்ளிப் போட்டுட்டா கார் சுலபமா திரும்பிடும்" என்றார். நான்தான் வேண்டாம் என்றேன்.

நல்ல கேட், சார். அது யாருக்கும் எந்தத் தொந்தரவும் கொடுத்ததில்லை.