துரைக்கு எடை கூடின கதை

இல்லக்கா, வேக வைக்கவே கூடாது. பச்சையாத்தான் போடணும். நீங்க முகம் சுளிக்கிறது புரியுது, நானும் ஒரு மாசம் அப்படித்தான் சுளிச்சிட்டு இருந்தேன். அப்புறம் முகம் பழகிடுச்சு. இந்த ஐஸ் பெட்டியில பொட்டலம் பொட்டலமாக் கட்டி வச்சிருக்கேன். காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. கறி, கோழிக் கழுத்து, துளி ஈரல், எல்லாம் அதுக்குள்ளயே இருக்கு. முந்தின நாளே ஃப்ரிட்ஜோட கீழ்த்தட்டுல எடுத்து வச்சிட்டா இளகிடும். பாத்திரத்தையும் கையையும் மட்டும் நல்லா சோப்புப் போட்டுக் கழுவிடுங்க. எலும்பை வேக வச்சா சில்லு சில்லா உடைஞ்சு குடலைக் குத்திடுமாம். பச்சையா இருந்தா நாய் மென்னு தின்னுடும்.

என் அறிவா? ஐயோ, இது எங்க வீட்டுக்காரரோட அறிவு. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல உப்பு டப்பா எந்த அலமாரியில இருக்குன்னு அவருக்குத் தெரியாது. துரை வந்த அன்னைக்கே மனுஷன் சமையலறைக்குக் குடிவந்துட்டாரு. ஆமா, இவன் பேரு துரை. நாங்க ஸ்டைலா வேற பேருதான் வச்சோம். இவன் நடக்கிற நடையைப் பாத்துட்டு எங்க மாமா துரைன்னு கூப்பிட ஆரம்பிச்சாரு, அதுவே நிலைச்சிடுச்சு. மாமான்னா என் மாமனார். பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவரு, எங்க கூடத்தான் இருக்காரு.

எங்க வீட்டுக்காரரு நாலு வீடியோ பாத்தாரு, அவ்ளோதான், நாய் டாக்டர் ஆயிட்டாரு. நகைக்கடையில இருக்கிற மாதிரி ஒரு தராசு வாங்கினாரு. ஈரல் ஒரு துண்டு கூடிட்டா கத்தரிக்கோலால வெட்டி எடுப்பாரு. ஈரல் அதிகமானா வயித்தால போகுமாம், எலும்பு அதிகமானா வெள்ளையா கட்டி கட்டியா வருமாம். தினமும் காலையில காபி டம்ளரோட போய் அதையும் பாத்துட்டு வந்து எனக்கு விளக்கம் சொல்லுவாரு. நான் அடுப்புல தோசை ஊத்திட்டு நின்னுட்டு இருப்பேன். எனக்கு அந்த நேரத்துல அது ரொம்ப அவசியம் பாருங்க.

கறிக்கடைக்காரர் ஒரு நாள் என்னைத் தனியா கூப்பிட்டு, ஏம்மா, வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா, இப்படி கிராம் கணக்குல வாங்கிட்டுப் போறாரேன்னு கேட்டாரு. உடம்பு இல்லண்ணே, மூளைன்னு சொல்லிட்டு வந்தேன்.

எடையா? அதுக்கும் ஒரு பாடம் இருக்கு, கையை நீட்டுங்க. முஷ்டி மடக்கி மேல இருக்கிற முட்டியைத் தடவிப் பாருங்க. நாயோட விலா எலும்பு அப்படித் தட்டுப்பட்டா, பஞ்சத்துல அடிபட்டதுன்னு அர்த்தம். இப்போ உள்ளங்கையைத் தடவுங்க. அப்படி இருந்தா கொழுப்பு. கையை விரிச்சுப் புறங்கையைத் தடவுங்க, எலும்பு தெரியுது, ஆனா துருத்திட்டு இல்ல, பாத்தீங்களா? அதுதான் சரியான எடை. அப்புறம் மேல இருந்து பாத்தா இடுப்பு தெரியணும். பக்கத்துல இருந்து பாத்தா வயிறு பின்பக்கம் மேல ஏறணும். இவனுக்கு இடுப்பு இருக்கான்னு வாராவாரம் குனிஞ்சு பாப்பாரு. என் இடுப்பு இருக்கா போச்சான்னு அவருக்கு விசாரணை கிடையாது.

ஆனா என் எடை மட்டும் அவருக்குத் தெரிஞ்சாகணும். ஏன்னா இவனைத் தூக்கிட்டு மெஷின்ல ஏறி நிக்கிறது நான்தான். அப்புறம் என்னை மட்டும் ஏத்தி அதைக் கழிப்பாரு. கழிக்கிறதுதான் கழிக்கிறாரு, மனசுக்குள்ள கழிச்சா என்ன? தெருவுக்கே கேக்கிற மாதிரி என் எடையைச் சொல்லித்தான் கழிப்பாரு.

சரி, இவ்ளோ பாத்துப் பாத்து வளத்த பிள்ளைதானே. ஆறாவது மாசம் தாண்டினதும் விலா எலும்பைக் காணோம். தடவினா மெத்தை மாதிரி இருக்கு. நடந்தா நாலு காலும் தனித்தனியா யோசிக்குது. நிஜமான டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனோம். வளர்ற பெரிய ஜாதி நாய், குட்டியிலயே எடை ஏறினா மூட்டு போயிடும், உடனே குறைங்கன்னுட்டாரு. குறைச்சோம். இன்னும் ஏறிச்சு. மறுபடி குறைச்சோம். காத்தக் குடிச்சு வளர்ற மாதிரி ஏறிட்டே போச்சு.

உடனே வீட்ல விசாரணைக் கமிஷன் உக்காந்துடுச்சு. முதல்ல தராசு மேல சந்தேகம். அப்புறம் பக்கத்து வீட்டம்மா மேல, சுவர் தாண்டி ஏதோ போடுறாங்களாம். அந்தம்மா தன் புருஷனுக்கே ரெண்டாவது தடவை போட மாட்டாங்க. கடைசியில என்கிட்ட வந்து நின்னாரு. நீதான் இரக்கப்பட்டுப் போடுறே, ஒத்துக்கோன்னாரு. எனக்கு வந்துச்சே கோவம். கூரியர் ஆபீஸ்ல நாள் பூரா நின்னு பார்சல் போட்டுட்டு வர்றவளுக்கு இது வேறயா? ஒரு வாரம் நான் அவர்கூடப் பேசல. மாமாதான் நடுவுல பூந்து, விடுடா, வளர்ற பிள்ளை, கொஞ்சம் சதை போடத்தான் செய்யும்னு சமாதானம் பண்ணாரு. நல்ல மனுஷன்.

எங்க வீட்டுக்காரரு விடுவாரா? பழைய ஃபோனைக் கேமராவாக்கி, சாப்பாட்டு மேஜைக்கு எதிர அலமாரியில வச்சிட்டு ஆபீஸ் போயிட்டாரு. போலீஸ் உத்தியோகம் கிடைக்காத குறை அவருக்கு.

சாயங்காலம் ரெண்டு பேரும் உக்காந்து பாத்தோம். மத்தியானம் வீட்ல மாமா மட்டும்தான் இருப்பாரு. நான் மூடி வச்சிட்டுப் போன சோத்தை எடுத்துப் போட்டுக்கிட்டாரு. நல்லாப் பிசைஞ்சாரு. ஒரு வாய் வச்சாரு. மென்னாரு, மென்னாரு, அப்படி ஒரு மெல்லு. அப்புறம் நெஞ்சைப் பிடிச்சுட்டுக் கண்ணை மூடினாரு. வாயில இருந்ததைக் கையில எடுத்துட்டாரு. தட்டை அப்படியே கீழ வச்சாரு. துரை நக்கி முடிக்கிற வரைக்கும் அவன் தலையைத் தடவிட்டே உக்காந்திருந்தாரு. அப்புறம் தட்டைக் கழுவிக் கவுத்துட்டு, ஈரக்கையால வாயைத் துடைச்சுக்கிட்டாரு.

எங்க வீட்டுக்காரரு முதல்ல, மாட்டினாரு பாத்தியான்னு தொடையைத் தட்டினாரு. அப்புறம் ரெண்டாவது தடவை ஓட்டிப் பாத்தாரு. மூணாவது தடவை நான் ஃபோனை வாங்கி வச்சிட்டேன்.

அன்னைக்கு நான் வேலையில இருந்து வந்ததும் மாமா என்ன சொன்னாரு தெரியுமா? குழம்பு இன்னைக்கு நல்லா இருந்துச்சும்மான்னாரு. தினமும் சொல்றதுதான். நானும் தினமும் சந்தோஷப்பட்டுப்பேன்.

ஆமாக்கா. மாமாவை டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனோம். உணவுக்குழாய்ல கட்டி. அவருக்கு மாசக்கணக்கா சோறு எறங்கலையாம். ஏன் மாமா சொல்லலைன்னு கேட்டா, சொன்னா நீ லீவு போடுவே, அவன் கடன் வாங்குவான், எதுக்குங்கிறாரு. சட்டை தொளதொளன்னு இருக்கேன்னு நான் ஒரு தடவை கேட்டேன்தான். துணி விட்டுப் போச்சும்மான்னாரு. நானும் சரின்னுட்டு நாயோட இடுப்பைப் பாக்கப் போயிட்டேன்.

ஆபரேஷன் பண்ணலாம், ஆனா இந்த உடம்பு தாங்காதுன்னுட்டாங்க. மொதல்ல எடை ஏத்திட்டு வாங்கன்னு ஒரு சத்து மாவு குடுத்திருக்காங்க, தண்ணியாக் கரைச்சு வாய் வாயா விழுங்கணும். மெதுவா எறங்குது, ஆனா வலிக்குது. வலிச்சா மனுஷன் என்ன பண்றாரு? நாங்க அந்தப் பக்கம் திரும்பினதும் கிண்ணத்தை இவன் முன்னாடி சாய்ச்சிடுறாரு. எதிர்லயே உக்காந்து பாத்தாலும், ஃபோன் அடிக்குது பாரும்மாங்கிறாரு. போய்ட்டு வர்றதுக்குள்ள கிண்ணம் பளபளன்னு இருக்கு. இவனும் வாயைத் துடைச்சுட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி படுத்திருக்கான். ரெண்டு பேரும் கூட்டுக் களவாணிங்க. ரெண்டு பேரையும் ஒரே வீட்ல வச்சிருந்தா இவன் வெடிச்சிடுவான், அவரு...

அதான் இவனை உங்க நாய் விடுதியில விட்டுட்டுப் போகலாம்னு கூட்டிட்டு வந்தேன். ஊருக்கெல்லாம் போகலக்கா, வீட்லதான் இருப்போம்.

எத்தனை நாள்னு எழுதணுமா? தேதியா? தேதி தெரியாதே. மாமாவுக்கு நாலு கிலோ ஏறுற வரைக்கும்னு எழுதிக்கோங்க.