நட்சத்திரத்தோடு எட்டுப் பேர்

எர்மான்னோ: இரும்மா லொரேதானா, இரு... உன் தம்பி ஒருத்தனுக்குத்தானே பேசினோம்? இந்த ஒப்பந்தத்துல அவன்கூட இன்னும் எட்டுப் பேர் இருக்காங்களே.

லொரேதானா: டிசியானோ எந்த டீமுக்குப் போனாலும் அவன் ஆளுங்களும் கூடவே போவாங்கண்ணே. எல்லா ஸ்டாரும் அப்படித்தான். முப்பது வருஷமா சைக்கிள் டீம் மேனேஜர் நீங்க, உங்களுக்கு நான் சொல்லணுமா?

எர்மான்னோ: பாட்டில் சுமக்க மூணு பேர், சரி. காத்தைத் தடுக்க முன்னால ஓட்ட ரெண்டு பேர், சரி. மெக்கானிக்... அதை அப்புறம் பார்ப்போம். பாதிரியார் எதுக்கு?

லொரேதானா: ரேஸுக்கு முன்னாடி சக்கரத்துக்குத் தீர்த்தம் தெளிக்க.

எர்மான்னோ: அதுக்கு மாசச் சம்பளமா?

லொரேதானா: வருஷக் கடைசில பதிமூணாவது மாசச் சம்பளமா போனஸும் உண்டு.

எர்மான்னோ: மாமியார்...?

லொரேதானா: அவங்க கிளறின ரிசோட்டோ சோறு உள்ள போகலைன்னா தம்பிக்குக் கால் சுத்தாது.

எர்மான்னோ: ஏம்மா, என் டீமோட மொத்தச் சம்பளமே பன்னெண்டு லட்சம் யூரோ. தம்பிக்கே பத்து. மிச்சம் ரெண்டுல பதினேழு பசங்க, அதுக்கு மேல மாமியாரு...

லொரேதானா: அப்போ விடுங்கண்ணே. பிரான்ஸ்ல ஒரு டீம்...

எர்மான்னோ: உட்காரும்மா, உட்காரு. பதினோரு மணிக்கு நம்ம டீமுக்குப் பணம் போடுற குளியல்தொட்டிக் கம்பெனி முதலாளி வர்றாரு. டிசியானோ கையெழுத்து இருந்தாத்தான் அடுத்த வருஷத்துக்குப் பணம், இல்லைன்னா டீமையே கலைச்சிடுவாரு. அத்தனை பசங்களும் நடுத்தெருவுக்கு வந்துடுவாங்க.

லொரேதானா: எங்க பொழப்பும் இதுலதாண்ணே. ...முன்பணம் ரெண்டு லட்சம் நேத்து வந்துடுச்சு. முதலாளி குடுத்தாரா?

எர்மான்னோ: அவரா? ...எப்படியோ புரட்டினேன். மத்த ஏழு பேரும் வரட்டும். மெக்கானிக் மட்டும் வேண்டாம்.

லொரேதானா: ஏன்?

எர்மான்னோ: வேலை இருக்காது.

லொரேதானா: சைக்கிள் டீம்ல மெக்கானிக்குக்கு வேலை இருக்காதா?

எர்மான்னோ: காபி ஆறுது, குடி.

லொரேதானா: ...சரி, அவர் பேரை அடிச்சிடுங்க.

எர்மான்னோ: அட. மாமியாருக்காகப் பிரான்ஸுக்கே கிளம்பினே, மெக்கானிக்கைப் பொசுக்குனு விட்டுட்டே?

லொரேதானா: மணி பத்தே முக்கால்ண்ணே. தம்பி கையெழுத்துப் போட்டுட்டான், நீங்களும் போடுங்க.

எர்மான்னோ: இந்தா... இங்கயும்... இங்கயும். போதுமா?

லொரேதானா: இனிமே மாத்த முடியாதில்ல?

எர்மான்னோ: ரெண்டு பேராலயும் முடியாது.

லொரேதானா: அண்ணே, மனசு உறுத்துது, சொல்லிடறேன். போன வருஷம் மலை இறக்கத்துல விழுந்தான் பாருங்க... அன்னையிலேர்ந்து அவன் சைக்கிள்ல ஏறவே இல்லை. பார்த்தாலே பயந்து ஒதுங்கிப் போயிடறான். பால் வாங்கக்கூட நடந்துதான் போறான்.

எர்மான்னோ: ...ஏறவே மாட்டானா?

லொரேதானா: மாட்டான். திட்டுறதுன்னா திட்டிடுங்க.

எர்மான்னோ: திட்டுறதா? வயித்துல பாலை வார்த்தேம்மா. நேத்து உனக்கு வந்த ரெண்டு லட்சம், டீமோட அம்பது சைக்கிளையும் வித்த காசு.