மூன்று கூடுகள் அழிந்த காரணம்

எங்கள் வீட்டுத் தோட்டத்துப் பறவைகளைப் பற்றி, உங்கள் ஆய்வு மையத்தில் சம்பளம் வாங்கும் அத்தனை பேரையும்விட எனக்கு அதிகம் தெரியும். பெருமைக்காகச் சொல்லவில்லை. அக்காவிடம் நீங்கள் கேட்டிருக்கும் கேள்விக்கு விடை தெரிந்த ஆள் நான் மட்டும்தான் என்பதால் சொல்கிறேன்.

உங்களிடம் வேலைக்கு விண்ணப்பித்திருப்பவளின் தம்பி நான். கல்லூரியில் மூன்றாம் வருடம். எங்கள் துறைச் சுவர்ப் பத்திரிகையில் கேலிக் கட்டுரைகள் எழுதுகிறேன். குருவி ஒரு துரும்பைத் தூக்கிக்கொண்டு போனால் அதை மணி நிமிடம் போட்டு எழுதிவைக்கும் மனிதர்களைப் பற்றி ஒன்று எழுதினேன். அக்காவே படித்துவிட்டுச் சிரித்தாள். சிரித்துவிட்டு நோட்டை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள்.

ஒரு ஜோடி கூடு கட்டத் தொடங்குவதிலிருந்து குஞ்சுகள் பறப்பதுவரை ஒரு முழுப் பதிவு கேட்டிருந்தீர்கள். அது தேறினால், இரண்டு நாள் பயணத்தில் இருக்கும் உங்கள் காட்டு முகாமில் வேலை. வசந்தம் பிறந்த வாரமே செம்பருத்திச் செடியில் ஒரு கொண்டைக்குருவி ஜோடி வந்து இடம் பார்த்தது. அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

வீட்டில் மூன்று பேர். அப்பா லாரி மெக்கானிக்காக இருந்தவர். போன வருடம் பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். கஞ்சியைக் கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும், அவசரப்பட்டால் புரையேறும். எல்லாம் அக்காதான். நான் ஒரே ஒரு தடவை புரட்டியிருக்கிறேன். பாதியில் என் பிடி நழுவி, அவர் கட்டில் ஓரத்தில் தொங்கினார். அக்கா கடையிலிருந்து வரும்வரை நாற்பது நிமிடம் அப்படியே அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நர்ஸ் ஒருத்தங்களப் பேசியிருக்கேன்டா. தினமும் வருவாங்க" என்றாள் அக்கா.

"வரலைன்னா?"

"நீ இருக்கேல்ல?"

அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

முதல் கூடு பாதிதான் ஆகியிருந்தது. அக்கா குளிக்கப் போயிருந்தாள். செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். குழாயைக் கொஞ்சம் உயர்த்தினேன். கட்டி முடிக்காத கூடுதானே, யாருக்கும் பெரிய நஷ்டமில்லை. திரும்பினால், ஜன்னலோரக் கட்டிலில் அப்பா விழித்திருந்தார்.

அக்கா வந்து பார்த்துவிட்டு, "ராத்திரிக் காத்துல தளர்ந்து இப்ப விழுந்திருக்கும்போல" என்றாள். அப்பா இடது கையைத் தூக்கி என்னைக் காட்டினார். விரல் இறங்கவே இல்லை.

"பாருடா, உன்னத்தான் கேக்கறாரு. கிட்டப் போயேன்."

போனேன். அந்தக் கையை என் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டேன். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

குருவிகள் இரண்டே நாளில் மறுபடி அதே செடிக்கு வந்தன. அவற்றுக்கும் போக்கிடம் இல்லை. இரண்டாவது கூட்டில் மூன்று முட்டைகள். மூன்றையும் எடுத்துவிட்டு, உடைந்த முட்டை ஓடுகளை மட்டும் செடியடியில் போட்டேன். காகத்தின் வேலை என்று அக்கா எழுதவில்லை. காகத்தைக் கண்ணால் பார்க்கவில்லையாம். அவ்வளவு நேர்மை. அன்றிலிருந்து நான் எப்போதாவது கஞ்சி கொடுக்கப் போனால் அப்பா வாயைத் திறப்பதில்லை. மறுநாள் கட்டிலைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிப் போட்டேன்.

"ஏன்டா திருப்பினே? அவருக்கு இருக்கறதே அந்த ஜன்னல் ஒண்ணுதான்."

"காத்து நேரா அடிக்குதுக்கா. சளி கட்டிக்கும்."

"எனக்குத் தோணவே இல்ல பாரு. நீ இருக்கறதாலதான்டா நான் தைரியமாப் போறேன்."

அந்த வார்த்தையை அவள் சொல்லியிருக்க வேண்டாம். குருவிகள் மூன்றாவதாகக் கட்டினால் அதைத் தொடுவதில்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அதே செடியில் கட்டவும் செய்தன.

அதில் குஞ்சுகள் இருந்தன, ஆறு நாள் ஆனவை. இலை விலகியதும் மூன்றும் வாயைத் திறந்தன. தாய் வந்துவிட்டது என்று நினைத்திருக்கும். ஒரு செருப்புப் பெட்டியில் பஞ்சு போட்டு அதில் வைத்தேன். மூடினேன். தெருமுனைக் குப்பைத் தொட்டிக்குள் நோகாமல் இறக்கிவைத்தேன். நான் எதையும் கொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பெற்றவை இரண்டும் சாயங்காலம்வரை செடியைச் சுற்றிக் கத்தின. சுவரைப் பார்த்துப் படுத்திருந்த அப்பாவின் காதில் அது விழுந்துகொண்டிருந்தது.

தோல்வி குற்றமில்லை, மூன்று கூடுகளும் அழிந்த காரணத்தைத் தெளிவாக எழுதினால் போதும், வேலை உண்டு என்று அக்காவுக்கு எழுதியிருந்தீர்கள். நல்ல மனிதர்கள். அக்கா மூன்று நாள் நோட்டைப் புரட்டினாள்.

"என் கண்ணு முன்னாலயே நடந்திருக்கு. எனக்கு எதுவுமே தெரியல. நான் எதுக்குடா லாயக்கு?"

"அப்படிச் சொல்லாதக்கா" என்றேன். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். காரணம் என்ற கட்டங்களைக் காலியாகவே விட்டு, நோட்டை அலமாரியில் வைத்துவிட்டாள். நர்ஸுக்கும் போன் போட்டு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். இப்போது அப்பாவைப் புரட்டும்போது அவள் பேசுவதில்லை. முன்பெல்லாம் பேசிக்கொண்டேதான் புரட்டுவாள்.

அதனால் நோட்டை நானே எடுத்து, அவள் விட்டுவைத்த கட்டங்களை நிரப்பியிருக்கிறேன். முதல் கூடு: காலை 7.10, தண்ணீர்க் குழாய், தம்பி. இரண்டாவது: மதியம் 1.35, கை, தம்பி. மூன்றாவது: காலை 9.20, செருப்புப் பெட்டி, தம்பி. பெண் குருவி வாயில் புழுவோடு திரும்பி வந்தது 9.24. நான்கு நிமிடம்தான் வித்தியாசம்.

அக்காவின் பதிவில் ஒரு பிழையும் இல்லை. அவளை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன். விடை வந்துசேரக் கடைசி நாள் போன வெள்ளிக்கிழமை, அதற்குப் பிறகு வருவதைப் பிரிக்கவே மாட்டோம் என்று கடிதத்தில் இருந்தது. உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு இன்று காலையில்தான் தோன்றியது. இன்று ஞாயிறு.