மகன்ட அம்பிளிபயர்

சண்டைக் காலம். செட்டிபாளையம் போற பஸ்சில் எனக்கு முன்னால் இருந்த பெரியவர், பக்கத்திலிருந்த ரேடியோ திருத்துபவரிடம் சொன்னார்:

"தம்பி, அந்த இரைச்சலைத் திருப்பித் தாங்க."

"என்னண்ணன், மகன்ட கிற்றார் அம்பிளிபயர் இரையுதெண்டுதானே தந்தீங்க? பழைய டயோட் கரண்டைச் சட்டெண்டு வெட்டும், அதான் இரைச்சல். மெதுவா வெட்டுறதாத் தேடிப் போட்டன்."

"நல்ல வேலைதான். அவன் வந்தா வாசிக்கட்டுமெண்டு நான்தான் தந்தன். ஆனா, அவனைப் பிடிச்சுக்கொண்டு போனதில இருந்து மனிசி பின்னேரத்தில அதைப் போட்டுவிடுவா. அந்த இரைச்சல் கேட்டா அவன் அறையில இருக்கிற மாதிரியாம். இப்ப அறை சத்தமில்லாமக் கிடக்கெண்டு அழுறா."



"பழைய டயோட் கடையில கிடக்கண்ணன். நாளைக்கு வந்து மாத்தித் தாறன்."

"ஓம். புதுசை எறிஞ்சிடாதீங்க, தம்பி. அவன் வந்தாத் திரும்பப் போடணும்."