பார்த்தால் தெரியும் என்றவர்

செங்கல்பட்டிலிருந்து புதுப்பட்டினம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் காலி மீன்கூடையோடு உட்கார்ந்திருந்த பெண் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்:

"எங்க வூட்டுக்காரருக்கு வேலை கிடைக்காம போனதுக்கு கிரேக்கருங்கதான் காரணம்."

"இன்னாக்கா சொல்ற?"

"மகாபலிபுரம் பீச்சுல, மூழ்குறவங்களைக் காப்பாத்துற வேலை. உள்ளே இழுக்கிற தண்ணியை எப்படிக் கண்டுபிடிப்பீங்கன்னு இன்டர்வியூல கேட்டாங்க. இவரு 'பாத்தா தெரியும்'னாரு. அவ்ளோதான், அனுப்பிட்டாங்க. காரணம் சொல்லத் தெரிஞ்சாதான் தொழில் தெரிஞ்சவன், இல்லாட்டி அது வெறும் பழக்கம்னு அந்தக் காலத்து கிரேக்கருங்களே சொல்லிக்கீறாங்களாம். காலேஜுல படிக்கிற எம் பொண்ணு சொல்லுது."

"அப்ப வேலை யாருக்குப் போச்சு?"

"ஒரு நீச்சல் மாஸ்டருக்கு. போர்டுல படம் போட்டு விளக்கினாராம். போன ஞாயித்துக்கிழமை அதே மாதிரி தண்ணியில அவரே மாட்டிக்கினாரு."

"அய்யோ. யாரு தூக்கினது?"

"இவருதான். கையில இருந்த வலையை அப்படியே விட்டுட்டு குதிச்சாரு. ரெண்டு பேரும் கரைக்கு வர்ற வரைக்கும் எனக்கு உசுரே இல்ல."

கண்டக்டர் டிக்கெட் கேட்டுவிட்டுப் போனார்.

"அப்புறம் இன்னா ஆச்சு?"

"இன்னொரு இடம் காலியா கீதாம். மாஸ்டர் தினம் சாயங்காலம் நோட்டோட வூட்டுக்கு வந்து, இவருக்குக் காரணம் சொல்லக் கத்துக் குடுக்கிறாரு."

"இவரு கத்துக்கிறாரா?"

"நல்லாவே கத்துக்கினாரு. சோறு ஏன் குழைஞ்சுதுன்னு நேத்து என்கிட்ட காரணம் கேக்குறாரு."